கடலடியில் பழ.ஆத. உபயம்

திருமயம் பக்கத்து ஊர்க்காரரான ஆதப்பன் செட்டியார் எதைக் கொடுத்தாலும், "உபயம்: பழ.ஆத. குடும்பத்தார்" என்று பொறித்துத்தான் கொடுப்பார். கோயில் டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை அந்த எழுத்தே மறைத்தது. அதில் அவருக்கு வருத்தமில்லை. இப்போது கோட்டைப்பட்டினம் கடலில் பவளப்பாறை வளர்க்க முப்பது சிமெண்டுக் கூடுகள் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார்.

மீனவர் சங்கக் கட்டடத்தில் ஆராய்ச்சியாளர் சுடர்விழி வரைபடத்தை விரித்தாள்.

"மூணு இடத்துல பத்துப் பத்தா இறக்குறோங்க ஐயா."

"ஒரே இடத்துல இறக்குனாத்தானே கம்பீரம்?"

"எந்த வருசம் எங்கிட்டுத் தண்ணி சூடாகும்னு சொல்ல முடியாதுங்க. ஒரு இடம் வெந்து போனாலும் இன்னொண்ணு பிழைக்கும்."

"எது பிழைக்கும்?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா அம்புட்டுப் படிச்சீங்க?"

"தெரியாததை வச்சுக்கிட்டு எப்படித் திட்டம் போடுறதுன்னுதாங்க படிச்சேன்."

ஆதப்பன் முதுகை இன்னும் நிமிர்த்தினார். அவர் வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை இலை விழும் என்பதுகூட முன்கூட்டியே தெரியும்.

"சரி. ஒவ்வொரு கூட்டுலயும் எங்க பேரு இருக்கணும். உள்ளங்கை அகலத்துக்கு."

படகுக்காரர் அருள்தாஸ் தலையைச் சொறிந்தார். "அதுல ஒரு சங்கடம் இருக்குங்க. பவளம் நல்லா வளர்ந்தா எழுத்தை மூடிரும். செத்துப்போச்சுன்னாத்தான் ஒங்க பேரு பளிச்சுன்னு தெரியும்."

ஆதப்பன் பக்கத்தில் இருந்த அவர் மனைவி முத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேரே வேண்டாம்னு விட்டுருங்களேன்" என்றாள் கணவரிடம்.

"பேரில்லாமக் குடுக்க நாம என்ன திருட்டுப் பொருளா குடுக்குறோம்? வெட்டுங்க, ஆழமா வெட்டுங்க. மூடவைக்கிறது இவுக பாடு."

பவளத் துண்டுகள் கட்டிய கூடுகள் கடலில் இறங்கின. இரண்டாம் மாதம் வந்த கடலடிப் படத்தில், கரையோரத்துப் பத்துக் கூடுகளிலும் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ஆதப்பன் தெருவுக்கே கேசரி கொடுத்தார். மறுநாள் சுடர்விழி போன் செய்தாள்.

"அது பவளம் இல்லீங்க ஐயா, பாசி. விட்டா பவளத்தை அமுக்கிரும். அருள்தாஸ் அண்ணன் தேய்ச்சுக் கழுவிட்டாரு."

"என்னைக் கேக்காமலா?"

அடுத்த கோடையில் கடல் கொதித்தது. கரையோரத்துப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்தது. பத்துக் கூடுகளிலும் பழ.ஆத. குடும்பத்தார் பளபளத்தார்கள். படகுக்காரர்கள் அந்த இடத்துக்கு 'செட்டியார் மேடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேள்விப்பட்ட அன்று ஆதப்பன் சாப்பிடவில்லை.

நடுவில் இறக்கிய பத்தில் பாதிதான் பிழைத்தது; ஆழத்தில் இறக்கிய பத்து மட்டும் தழைத்திருந்தது. செத்த கூடுகளைத் தூக்கி அங்கே வைத்து, புதுப் பவளத் துண்டு கட்டலாம் என்றாள் சுடர்விழி. ஆதப்பன் தானும் வருவதாகச் சொல்லிப் படகில் ஏறினார். நடுக்கடலில் அருள்தாஸ் குரலைத் தாழ்த்தினார்.

"எழுத்துப் பக்கத்தைத் தரையப் பார்க்கக் கவுத்திரட்டுமா? யாருக்கும் தெரியாது."

ஆதப்பன் சுடர்விழி பக்கம் திரும்பினார்.

"பவளம் ஒட்டுறது எந்தப் பக்கம்மா?"

"மேல் பக்கந்தாங்க ஐயா" என்றாள் சுடர்விழி. "இந்தத் தடவையும் உறுதி சொல்ல முடியாதுங்க."

"நான் கேக்கலையே."

முதல் கூடு கயிற்றில் இறங்கியது. ஆடிக் கொஞ்சம் சாய்ந்தது. ஆதப்பன் எழுந்து நின்று படகே குலுங்கக் கத்தினார்:

"யேய் அருள்தாஸு, பாத்துப்பா! பேரு மேல! பேரு மேல இருக்கட்டும்!"