டாக்டர் போட்ட பழைய வாஷர்

அந்தப் பட்டறையில் மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டத்தை அவரே தனக்குக் கொடுத்துக்கொண்டார். பல்கலைக்கழகங்கள் தாமதம் செய்தால் மனிதன் வேறென்ன செய்வான்? வண்டி வந்து நின்றதும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். கோளாறு இஞ்சினில் இருந்தாலும் சரி, சீட்டுக் கிழிசலில் இருந்தாலும் சரி, நாடி பார்க்காமல் வைத்தியம் கிடையாது.

அன்று காலை இழுவை வண்டியில் வந்து இறங்கிய வெள்ளைக் காருக்கும் கையை வைத்தார். ஆனால் கண்ணை மூடவில்லை. இடது முன்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்ததைக் கண் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தது.

காரின் சொந்தக்காரர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசத்தைப் பற்றி மட்டுமே அரைநாள் பேசக்கூடியவர். வீட்டிலும் பேசுவார் என்பது பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தில் தெரிந்தது. நடந்ததை அவரே விவரித்தார். நடந்தபோது அவர் அங்கே இல்லை என்பது ஒரு தடையாக இருக்கவில்லை. முந்தின நாள் மனைவி வண்டியை வீட்டுக்குள் திருப்பும்போது பிரேக் பெடல் தரைவரை போயிருக்கிறது. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறாள். வண்டி கேட் தூணை உரசிக்கொண்டு நின்றுவிட்டது. தூணுக்கு அடி, பம்பருக்கு அடி, எல்லாவற்றையும்விடப் பெரிய அடி அதிகாரியின் மனசுக்கு. காரணமும் தயாராக வைத்திருந்தார். இவள் மிதிக்கிற மிதிக்கு இரும்பே இளகிவிடுமாம், பிரேக் ஆயில் ஓடுகிற ரப்பர் ஓஸ் எம்மாத்திரம்?

"இனிமே சாவி என்கிட்டதான் இருக்கும். நீங்களே சொல்லுங்க டாக்டர், மிதிச்சதாலதானே?"

பட்டறையில் காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். மருத்துவமனை ஆய்வகத்தில் அவளுக்கு விடியற்காலை வேலை. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த வேலையே கிடைத்தது என்று போன மாதம் வந்தபோது பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். சாவி போனால் வேலையும் போகும். டாக்டருக்கு அது தெரியும்.

சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் ஆயில் டப்பாவில் அடிமட்டத்தில்தான் கொஞ்சம் கிடந்தது. அதை நிரப்பி, சக்கரத்தின் பின்னாலிருந்த ஈரத்தையெல்லாம் துடைத்துவிட்டு, அதிகாரியைப் பெடலை மிதிக்கச் சொன்னார். ஓஸின் முனையைப் பிடித்து வைத்திருக்கும் போல்ட்டின் கழுத்தில் ஒரு துளி முளைத்தது. கனத்தது. விழுந்தது.

அந்த ஓஸைப் போன மாதம் மாற்றியவர் டாக்டர்தான். போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போட வேண்டும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை ஒழுங்காகப் பிடிக்காது. மற்ற மெக்கானிக்குகளைக் கேலி செய்ய அவர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் உதாரணமே இதுதான். ஆனால் அன்று கைவசம் புது வாஷர் இல்லை. கடை எதிர்ச்சாரியில். வெயில் மண்டையைப் பிளந்தது, பசி வேறு. பழசையே போட்டு, ஒரு இறுக்கு கூடுதலாக இறுக்கி, கல் மாதிரி நிற்கும் என்று தனக்குத் தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார்.

"என்ன டாக்டர், நான் சொன்னதுதானே?"

டாக்டரின் தலை ஆடியது. ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம் என்கிறபடி ஆட்டுவது தொழிலில் வந்த வித்தை. அதிகாரி ஆமாம் என்று கொண்டார்.

அவள் மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "மன்னிச்சிடுங்கண்ணே. நீங்க நல்லாத்தான் செஞ்சு குடுத்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் டாக்டர் திருப்பித் திட்டி நிம்மதி அடைந்திருப்பார். அதற்கும் வழியில்லை. வாஷர் வாங்க அவரே சாலையைத் தாண்டிப் போனார். போய்த் திரும்ப ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

புது வாஷரைப் போட்டு இறுக்கியாயிற்று. இனிக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் கீழே சக்கரத்தருகில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடுவார். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அதிகாரி தானே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் திரவங்களின் அழுத்தம் பற்றிப் பேசத் தொடங்கி, முக்கியமான இடம் வரும்போதெல்லாம் கால் எடுத்தார். குமிழி போன வழியே திரும்பி வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு டாக்டர் அதிகாரியின் மனைவியை உட்காரச் சொன்னார்.

"மிதிங்கம்மா. பிடிங்க. விடுங்க."

கால் நிதானமாக இறங்கியது, சொல்லும்வரை அசையவில்லை, சொன்ன பிறகுதான் எழுந்தது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. சக்கரத்தடியில் குந்தியிருந்தவருக்கு முகம் சுட்டது. இந்தக் கால் எதையும் கெடுக்காது. கேட் தூண் இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்று நினைத்தார். பிறகு அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும், அம்மாவே ஓட்டட்டும் என்றார். வைத்தியர் சொல் என்பதால் அதிகாரி சாவியைக் கொடுத்தார், அதுவும் இந்த ஒரு தடவைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு.

தெருமுனை தாண்டியதும் டாக்டர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. போன தடவ நான் பழைய வாஷரையே போட்டுட்டேன். அதான் கசிஞ்சது."

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். "அப்ப அங்க ஏன் தலைய ஆட்டுனீங்க?"

நாலு பேர் இருந்தார்கள், இத்தனை வருஷம் சேர்த்த பேர் என்று அவர் இழுத்தார்.

"அதே நாலு பேர் முன்னாடிதானேண்ணே என் சாவி போச்சு?"

அவள் வண்டியைத் திருப்பினாள். பட்டறைக்கே ஓட்டிவந்து, இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் இறங்கினார். தொண்டையைச் செருமினார். வந்த குரல் வழக்கமாக நாடி பார்க்கும் ஆளுடையது அல்ல.

"சார், தப்பு என்னுது. போன மாசம் புது வாஷர் போடாம விட்டுட்டேன். அவங்க மிதிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க ஹேண்ட் பிரேக் போட்டதாலதான் அத்தோட போச்சு."

காத்திருந்தவர்களில் ஒருவர் தன் வண்டியைக் கொஞ்சம் கவலையோடு பார்த்துக்கொண்டார். அதிகாரி ஒரு மூச்சு நிறுத்தினார். அடுத்த மூச்சில் மனைவிக்கு வைத்திருந்த உரையை அப்படியே டாக்டர் பக்கம் திருப்பினார். தனக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்ததாகவும் சொன்னார். டாக்டர் தலைகுனிந்து முழுவதையும் கேட்டார். மனைவியிடம் சொல்ல அதிகாரியிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை; பழக்கதோஷத்தில் சாவிக்காகக் கையை மட்டும் ஜன்னல் வழியே நீட்டினார்.

"ஏறுங்க. எனக்கு நேரமாச்சு," என்றாள் அவள்.

அவர் சுற்றிப்போய் அந்தப் பக்கம் ஏறினார்.

வண்டி பட்டறை வாசல்வரை போய் நின்றது. குறுக்கே யாரும் இல்லை. அவள் பிரேக்கை மிதித்துப் பார்க்கிறாள் என்று டாக்டருக்குப் புரிந்தது. நகர்ந்து, இன்னொரு தடவை நின்றது. பிறகுதான் சாலையில் இறங்கியது. டாக்டர் ஏற்கெனவே துடைத்த கையை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.