நான் எழுதாத வரி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

தொடக்கம் ஒன்று: "மதுக்கடவுள் தியோனைசஸின் திருவிழாவன்று எங்கள் ஊர் ஆண்கள் ஐம்பது பேர், முகத்தில் திராட்சை வண்டலைப் பூசிக்கொண்டு, பலிபீடத்தைச் சுற்றி…"

சே, வெளியூர்க்காரனுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதுபோல இருக்கிறது. எழுதிய மெழுகுப் பலகையைத் தேய்த்து அழித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: தன் அண்ணன் எப்படிச் செத்தான் என்பது தெலேசோனுக்குத் தெரியும்.

இது பரவாயில்லை.

2

தெலேசோனும் அண்ணன் யூஃப்ரோனும் மீன்பிடிக்கப் போன படகு கவிழ்ந்தது. தம்பி மட்டும் கரை சேர்ந்தான். "அலை அடிச்சிட்டுப் போயிடுச்சு அண்ணி" என்றான். அண்ணி லாம்பிதோ அதை நம்பவில்லை. கிணற்றடியில் பார்த்தாலும் சந்தையில் பார்த்தாலும் விடமாட்டாள்.

"கடைசியா என்னதான் நடந்துச்சு தம்பி? சொல்லித் தொலையேன்!"

இவன் தலையைக் குனிந்துகொண்டு நழுவிவிடுவான்.

(முந்தைய படியில் இவனைக் கோழை என்று எழுதியிருந்தேன். எழுதியவனின் யோக்கியதை பின்னால் தெரியும்.)

3

அந்த வருடப் பாட்டைக் கட்டியவன் நான். கடலில் மாண்ட ஒரு மன்னனின் கதை. பலிபீடத்தைச் சுற்றி ஆடிப்பாடும் ஐம்பது பேர் குழு கேட்கும்: "தம்பியே, தம்பியே, உன் அண்ணன் எங்கே?" கேட்டுவிட்டுக் குழுவே அழும். பதில் சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது.*

பாடிப் பழகும்போது அந்த அடி வந்தால், குழுவில் ஒருவனான தெலேசோன் வாயை மட்டும் அசைப்பான். "என்னடா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கிண்டல் செய்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

[* பக்கத்து ஊர்களிலும் இப்படித்தான். கேட்பார்கள், அழுவார்கள், நன்றாக அழுதவர்களுக்கு ஒரு வெள்ளாட்டுக் கடா பரிசு. அதனால்தான் இதற்கு ஆட்டுப் பாட்டு என்று பெயர்.]

4

விழாவன்று நல்ல வெயில். குழு கேட்டது. தெலேசோன் வட்டத்தை விட்டு வெளியே வந்து பலிபீடத்தருகில் நின்றான். பாடவில்லை, பேசினான்.

"அண்ணன் என் கையப் பிடிச்சிருந்தான். ரெண்டு பேரும் முழுகிடுவோம்னு பயந்து நான்தான் உதறிட்டேன். 'டேய் தெலே'ன்னு கூப்பிட்டான். நான் திரும்பிப் பாக்கல."

குழல்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான். அப்போது யாரோ கைதட்ட…

இல்லை. யாரோ இல்லை, நான்தான். பாட்டு குலைந்துவிட்டதே, கடா கைவிட்டுப் போகிறதே என்ற பதற்றத்தில் தட்டினேன். பின்னாலேயே மொத்த ஊரும் தட்டியது. "பதில் சொல்றவன்! பதில் சொல்றவன்!" என்று அவனுக்குப் புதுப்பெயரே வைத்துவிட்டார்கள். கடா எங்களுக்குத்தான்.

5

லாம்பிதோ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவனிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தாள்.

"பாட்டுக்காரரே, அந்த வரி நீங்க எழுதினதா?"

அவளுக்குப் பின்னால் தெலேசோன், கையில் கடாவின் கயிறு. முகத்து வண்டலைக் கண்ணீர் கரைத்திருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை சொல்லும் தெம்பு அவனிடம் இல்லை.

முடிவு அ: "இல்லம்மா, அவன்தான்…" (அழித்துவிட்டேன். நடக்கவில்லை.)

முடிவு ஆ: தெலேசோன் அவள் காலில் விழுகி… (இதுவும் நடக்கவில்லை.)

நடந்தது இது.

"ஆமாம்மா, நான் எழுதினதுதான். நல்லா இருந்துச்சா?"

"நிஜம் மாதிரியே இருந்துச்சு" என்று முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது எல்லா ஊர்க் குழுவிலும் பதில் சொல்றவன் ஒருவன் இருக்கிறான். எங்கள் ஊரில் வருடா வருடம் தெலேசோன் அதே வரியைச் சொல்கிறான், நாங்கள் கைதட்டுகிறோம். இன்று காலைகூடக் கிணற்றடியில் லாம்பிதோ அவனை மறித்துக் கேட்டாளாம், கடைசியாக என்ன நடந்தது என்று.

முடிவை என்னால் எழுத முடியவில்லை. பலகையை உங்கள் கையில் தருகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கிணற்றை ஒட்டி, வாசலில் அத்திமரம் நிற்கிற வீடு அவளுடையது.