கொடிக்கயிற்றில் ஏறிய மாப்பிள்ளை

நாலாம் வகுப்பு பெஞ்சுக்குள் வார்டோயோவின் முழங்கால் நுழையவில்லை. வலது காலை விட்டுப் பார்த்தான், இடது காலை விட்டுப் பார்த்தான், கடைசியில் இரண்டையும் நடைவழியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். படகுத்துறையில் இன்ஜின் பழுது பார்க்கிற முப்பத்திரண்டு வயசு ஆள், விரல் இடுக்கெல்லாம் கறுப்பு கிரீஸ். சுற்றிலும் இருபத்திமூன்று பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொத்தாமலே சிரித்தவள் மெலூர். ஒன்பது வயது, முன்பல் ஒன்று கிடையாது, வகுப்புத் தலைவி.

"பிள்ளைங்களா, இவர் பேரு பாக் டோயோ. இன்னும் பதினோரு நாள்ல இவருக்குக் கல்யாணம். அதுக்குள்ள மூணு பந்துன் சொல்லக் கத்துக்கணும். நீங்கதான் கத்துக்குடுக்கப் போறீங்க," என்றாள் டீச்சர் ரோஸ்மைனி.

கல்யாணப் பெண் யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ரியாவ் கடலில் அந்தத் தீவை ஒரு மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். டீச்சருக்குக் கல்யாணம் என்பது அங்கே பூனைக்குக்கூடத் தெரியும்.

வம்பு தொடங்கியது பெண் கேட்கப் போன அன்றைக்கு. ரோஸ்மைனியின் தகப்பனார் அவள் தவழ்கிற வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வளர்த்தவர் அவருடைய அண்ணன் பாக்தியார். ஊர் அவரை பாக் லோங் என்று கூப்பிடும், மூத்தவர் என்று அர்த்தம். நிக்காஹ்வில் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். அவர் மாட்டேன் என்றால் காஜியார் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட மனிதர் எதிரே போய் உட்கார்ந்த வார்டோயோ, தேநீர்கூட வருவதற்கு முன்னால், "நான் ரோஸ்மைனியக் கட்டிக்க வந்திருக்கேன்," என்று பட்டென்று போட்டு உடைத்துவிட்டான்.

அந்த ஊரில் வாசலில் நின்று உப்பு கேட்பவள்கூட முதலில் மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசுவாள். முக்கியமான காரியம் என்றால் பந்துன்தான், நாலடிப் பாட்டு. முதல் இரண்டு அடி மீன், மரம், பறவை என்று எங்கெங்கோ சுற்றும். விஷயம் மூன்றாவது அடியில்தான் மெல்ல வந்து உட்காரும். வார்டோயோ ஜாவாவிலிருந்து பிழைக்க வந்தவன். ஜாவாக்காரர்களும் நயமாகப் பேசத் தெரிந்தவர்கள்தான். இவன் மட்டும் இன்ஜினோடு பேசிப் பேசி இப்படி ஆகிவிட்டான்.

பாக் லோங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "பொண்ணு கேக்க வந்தானா, டீசல் கேக்க வந்தானா," என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தார், ஆனால் ஒரு பூட்டைப் போட்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரைக் கதவில் மறித்துப் பாட்டுக் கேட்பது வழக்கம். பதில் பாட மாப்பிள்ளைகள் கூலிக்கு ஒரு வாய்க்காரரைக் கூட்டிவருவார்கள். இந்த மாப்பிள்ளை கூட்டிவரக் கூடாது. மூன்று பாட்டுக்கும் அவனே வாயைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் வந்த படகிலேயே திரும்பலாம். முப்பது வருஷமாக அந்தத் தீவின் கதவுகளில் நின்று ஒரு தடவைகூடத் தோற்காத மனிதர் சொன்ன வார்த்தை அது. ரோஸ்மைனி இரண்டு ராத்திரி அழுதாள். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு, மாப்பிள்ளையை நாலாம் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

வகுப்பில் குறுக்கே ஒரு துணி காயப்போடும் கொடிக்கயிறு. அதில் அடிக்கு ஒன்றாக நாலு கிளிப். நூடுல்ஸ் பெட்டியைக் கிழித்து வெட்டிய அட்டைகளில் பச்சை அடித்தவை சுற்றி வரும் முதல் இரண்டு அடிக்கு, மஞ்சள் அடித்தவை விஷயத்துக்கு. ஒன்றாவது மூன்றாவது கிளிப்பில் சிவப்பு நூல், இரண்டாவது நாலாவதில் நீல நூல். ஒரே நிற நூல் இருந்தால் கடைசி ஓசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அடிக்கு நாலு வார்த்தை. வார்த்தைக்கு ஒன்றாகக் கடற்கரையில் பொறுக்கிய கொங்கோங் சிப்பியைக் கீழே மேசையில் வைத்துக்கொண்டே போவார்கள். சிப்பி மிஞ்சினாலும் குறைந்தாலும் அட்டை கீழே இறங்கிவிடும்.

வார்டோயோவுக்கு இது பிடித்துப்போயிற்று. பாட்டு என்றால் காற்றில் வருவது என்று பயந்துகொண்டிருந்தவன், கழற்றி மாட்டலாம் என்று கண்டதும் தெம்பாகிவிட்டான். முதல் நாளே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அட்டை எழுதினான். பச்சை இரண்டிலும் டீசல், மஞ்சள் இரண்டிலும் பெண்ணைக் கொடுங்கள். மெலூர் சிப்பியை வைத்துப் பார்த்துவிட்டு, நாலு அட்டையையும் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"பாக் டோயோ, அஞ்சு சிப்பி வருது. ஓசையும் சேரல. இதுல பாட்டைத் தவிர எல்லாம் இருக்கு," என்றாள்.

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. எப்படிப் பாட வேண்டும் என்று காட்டுவதற்காக ஆளுக்கு ஒரு அட்டையாக ஓடி ஓடி எழுதி, அந்த நிமிஷமே கொடியில் ஒன்றைத் தொங்கவிட்டார்கள்:

மீசை வைத்தது கிழட்டு இறால்
மேசை ஏறியது வெள்ளைப் பூனை
மாப்பிள்ளை பாடத் தெரியாமல் போனால்
மண்டையில் கவிழ்ப்போம் சோற்றுப் பானை

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பின்னால் இருந்தே எல்லோரும் பார்த்தார்கள். வார்டோயோ எழுந்து கைதட்டினான், எழுந்த வேகத்தில் பெஞ்சும் கூடவே எழுந்தது.

அன்று முதல் தினம் கடைசி ஒரு மணி நேரம் இந்தக் கூத்துதான். தலைமை ஆசிரியரிடம் டீச்சர் இதைச் செயல்முறைப் பயிற்சி என்று சொல்லிவைத்திருந்தாள். அவரும் பயிற்சியைப் பார்வையிட வருகிறேன் என்று வந்து, மூன்று அட்டை எழுதிவிட்டுத்தான் போனார். பிள்ளைகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிரும்படி கத்தினார்கள். நாரைக்கு ஓசை சேர்கிற சொல் வேண்டும் என்று ஒருவன் கழிப்பறையிலிருந்து கூவுவான், ஜன்னலுக்கு வெளியே போகிற மீன்காரி பதில் சொல்லிவிட்டுப் போவாள். வார்டோயோ படகின் அடியில் படுத்துக்கொண்டு நட்டு முடுக்கும்போதும் வார்த்தையை எண்ணினான். வாடிக்கைக்காரர் இன்ஜின் எப்போது ஓடும் என்று கேட்டால், நாலு வார்த்தையில் பதில் சொல்லி, நாலுதானே என்று விரல்விட்டுப் பார்த்துக்கொண்டான். பதினோராம் நாள் அவன் கையில் நன்றாக ஓடுகிற இரண்டு பாட்டு இருந்தது. மூன்றாவதற்குப் பொத்தாம்பொதுவாக ஒன்றை வைத்திருந்தான். அது இருமிக்கொண்டேதான் ஓடியது.

கல்யாணத்தன்று கொம்பாங் மேளம் படகுத்துறையிலிருந்தே முழங்கிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்று கூட வந்தவர்கள் படகுத்துறைக்காரர்கள்தான். வார்டோயோவுக்குத் தங்க ஜரிகைத் தலைப்பாகை. அதற்குக் கீழே வியர்வை ஆறாக ஓடியது. வீட்டு வாசலில் இரண்டு அத்தைமார் மஞ்சள் துணியைக் குறுக்கே பிடித்திருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் பாக் லோங், வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு. அவர் தொண்டையைக் கனைத்ததும் மேளம் நின்றது.

அலை மேலே மிதக்குது பலகை
கரை ஓரம் காயுது கருவாடு
யாரைக் கேட்டுக் கட்டினீர் படகை
கதவு வேண்டுமென்றால் பதிலைப் பாடு

வார்டோயோ தலைப்பாகையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டான். வாயைத் திறந்ததும் பாட்டு தானாக வந்து விழுந்தது:

தென்னை உச்சியில் பச்சைக் கிளியே
தேங்காய் விழுந்ததும் பறந்தது காகம்
எத்தனை நேரம் நிற்பேன் வெளியே
கதவு திறந்தால் தணியும் தாகம்

கூட்டம் ஓவென்று கூவியது. அத்தைமாரில் ஒருத்தி துணியை விட்டுவிடப் பார்த்தாள், பாக் லோங் ஒரு பார்வை பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது பாட்டில் அவர் கப்பல் ஏறினால் வாந்தி எடுக்கிற ஜாவாக்காரர்களைப் பற்றிக் கேட்டார். அதற்கும் இவன் தயாராகத்தான் இருந்தான். வாந்தி எடுத்தவர்களைக் கரைசேர்த்தது யார் பழுது பார்த்த இன்ஜின் என்று திருப்பிக் கேட்டான். பாக் லோங்கின் தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. வார்டோயோவுக்குத் தலைகால் புரியவில்லை. இதோ கதவு, இதோ பெண், தொட்டுவிடும் தூரம்தான் என்று நினைத்துவிட்டான்.

மூன்றாவது பாட்டை அவர் உரக்கச் சொல்லவில்லை.

நண்டு நுழைந்தது வேரின் அடியில்
நாரை பறந்தது மேற்குப் பக்கம்
இவளை வளர்த்தேன் என் மடியில்
கொடுத்தபின் எனக்கு ஏது தூக்கம்

கேலி இல்லை, கிண்டல் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையைத் தேடினார்கள். வார்டோயோ மூன்றாவதாகச் சேர்த்துவைத்திருந்த பாட்டு பிரியாணியைப் பற்றியது. அதை இப்போது எடுத்து நீட்டினால் செருப்படிதான். திருதிருவென்று முழித்தான். எண்ணிக்கையும் நூலும் சிப்பியும் எல்லாம் மண்டையிலிருந்து கழன்று போயின. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் பாக் லோங்கின் தோளுக்குப் பின்னால், கூடத்துக்குள்ளே, ஏதோ ஆடியது. ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிக்கு ஒரு கொடிக்கயிறு. நாலாம் வகுப்பு முழுக்கப் பட்டுச் சட்டையும் பூவுமாக அதன் கீழே குந்தியிருந்தது. மெலூர் நாற்காலிமேல் ஏறி இரண்டு பச்சை அட்டைகளைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு மஞ்சள் அட்டைகள், எழுத்தே இல்லாமல். பச்சையை யாரிடமும் வாங்கிக்கொள்ளலாம், மஞ்சளை இரவல் வாங்கக் கூடாது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் அல்லவா. மாப்பிள்ளை உயிர்போகிற நேரத்திலும் விதியை மீறவில்லை, பாவிகள்.

வார்டோயோ கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தான்:

காலையில் கடலின் பாட்டைக் கேட்டேன்
கரையில் கொக்குகள் கூட்டமாய்ப் பறக்கும்

அத்தனை பேரும் அவன் எங்கே பார்க்கிறான் என்று பார்த்தார்கள். பாக் லோங்கும் மெல்லத் திரும்பிப் பார்த்தார். இருபத்திமூன்று தலைகள் அப்படியே உறைந்தன. மெலூர் மட்டும் கையில் கிளிப்போடு, நாற்காலிமேல் நின்றபடியே, அவரைப் பார்த்து முன்பல் ஓட்டை தெரியச் சிரித்தாள். அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். காத்திருந்தார்.

மஞ்சள் அட்டை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. வார்டோயோ அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்தான். தூக்கம் வராது என்று சொன்னாரே, அது பாட்டுக்காகச் சொன்னது இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. இவருக்கு வீட்டில் ரோஸ்மைனியை விட்டால் யாரும் இல்லை. இவனுக்கும் ஜாவாவில் இப்போது யாரும் இல்லை. யோசிக்காமலே மூன்றாவது அடி வந்தது.

"அவளை மட்டும் கேட்க மாட்டேன்," என்றான்.

அதோடு நின்றுவிட்டது. நாலாவது அடி வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டினி கிடப்பார்கள், புயலில் நிற்பார்கள், மூன்று அடி சொல்லி நாலாவதை விட்டுவிட்டால் மட்டும் தாங்க மாட்டார்கள். சந்தையில் எவனாவது பாதிப் பாட்டோடு போனால், பின்னாலேயே ஓடிப் போய் முடித்துவிட்டு வருவார்கள். இப்போது வாசலில் நின்ற நூறு பேருக்கும் நாக்கு துடித்தது. அத்தைமார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். காஜியார் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். யாராவது வாயைத் திறந்தால் மாப்பிள்ளைக்கு இரவல் வாய், ஆட்டம் காலி. எல்லோருக்கும் அது தெரியும். கொடிக்கயிற்றின் கீழே ஒரு பையன் தன் வாயை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான்.

"மகனாய் வந்தால் கதவு திறக்கும்."

சொன்னது பாக் லோங்.

அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பிறகு வீடு இடிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடித்தார்கள். அத்தைமார் துணியை எறிந்துவிட்டு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நாலாம் வகுப்பு கூடத்தில் குதித்த குதியில் கொடிக்கயிறு அறுந்து, அலமாரிக் கதவு திறந்து, கல்யாணத்துக்கு எடுத்துவைத்திருந்த தட்டெல்லாம் சரிந்தது. உள்ளறையில் அலங்காரத்தோடு அசையாமல் உட்கார வேண்டிய மணப்பெண், எழுந்து ஓடிவந்து திரையை விலக்கிப் பார்த்துவிட்டாள். அவளை யாரும் கண்டிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஒரு கிழவருக்கு மட்டும் சந்தேகம். கதவைக் காக்கிறவரே எதிர்க்கட்சிக்குப் பாடிவிட்டாரே, பழக்கதோஷத்தில் வாய் தவறிவிட்டது போலிருக்கிறது, பிறகு இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று இழுத்தார். வார்டோயோவுக்கும் அதே பயம். சுற்றி வளைத்துக் கேட்க இப்போது அவனிடம் தெம்பு இல்லை.

"பாக் லோங், மறந்துபோய்ச் சொல்லிட்டீங்களா, தெரிஞ்சுதான் சொன்னீங்களா," என்று நேராகவே கேட்டுவிட்டான்.

பாக் லோங் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"முப்பது வருஷமா கதவுல நிக்கறேன்டா. மறந்துபோய் ஒரு அடி சொன்னதில்ல," என்றார். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா, மகனே."