பெரியப்பா வந்தால் அணைகிற கம்ப்யூட்டர்

தேவசகாயம் பெரியப்பா திரையில் வந்தால் ஜெசிந்தாவின் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது.

வேறு யார் வந்தாலும் அதற்கு ஒன்றுமில்லை. மணப்பெண் வந்தாள், பாதிரியார் ஜெபித்தார், மோதிரம் மாற்றினார்கள், பந்தியில் ஒருவர் தன் பாயசத்தைக் குடித்துவிட்டுப் பக்கத்து டம்ளரையும் எடுத்துக் குடித்தார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பொறுத்துக்கொண்டது. பெண்ணின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டி ஆடத் தொடங்கும் இடம் வந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம். திரை கறுத்துவிடும்.

ஜெசிந்தா திண்டிவனத்தில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். இந்த நிச்சயதார்த்தப் படம் அன்று மாலை விழுப்புரத்தில் நடக்கும் வரவேற்பில், மண்டபத்துப் பெரிய எல்.இ.டி. திரையில் ஓட வேண்டும். “இது நல்லா வந்துச்சுன்னா இனிமே நம்ம மண்டபத்து வேலையெல்லாம் உனக்குத்தாம்மா” என்று மண்டபக்காரர் அன்புச்செல்வன் சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அந்தத் திரையை நம்பித்தான் அவள் போன மாதம் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தாள். பழைய கார்டில் இவ்வளவு பெரிய படம் நகரவே நகராது.

“அவரை வெட்டிடு” என்றான் அவளுடைய அண்ணன் இருதயராஜ். மண்டபங்களுக்கு சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் போடுகிறவன். அதே வரவேற்புக்கு விளக்கு கட்டக் கிளம்பியவன், தங்கையையும் ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தான்.

“பொண்ணோட பெரியப்பாண்ணா. முதல் வரிசையில உக்காருவாரு.”

“அப்ப அவர கடைசியில வெய்யி. அதுக்குள்ள ஜனம் பந்திக்குப் போயிடும்.”

ஆட்டத்தைக் கடைசிக்கு நகர்த்தினாள். படம் தயாராகிக்கொண்டே வந்தது. பாயசக்காரர் முன்னால் வந்து போனார், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பெரியப்பா கையைத் தூக்கினார். டக்.

“ஆளை ஞாபகம் வெச்சிருக்குது பாரு” என்றான் இருதயராஜ்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தேவசகாயமேதான்.

“யம்மா, என் ஆட்டம் இருக்குதில்ல? சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.”

“இருக்குது அங்கிள். நீங்க வந்தாலே கம்ப்யூட்டருக்குத் தாங்கல.”

“அப்படியா” என்றார் அவர். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

ஜெசிந்தா அடுத்து விழுப்புரத்துக்கு போன் போட்டாள். இந்தக் கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுத்த பூவரசன் அங்கே கடை வைத்திருக்கிறான். பாலிடெக்னிக்கில் அவளோடு படித்தவன்.

“ஆஃப் ஆனப்புறம் முன்னாடி பட்டனை அமுக்குனா வருதா?” என்று கேட்டான்.

“வரல. பின்னாடி சுவிட்சை அணைச்சு, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டாத்தான் வருது.”

“அந்த ஆட்டத்துக்கு மட்டும் ஸ்பெஷலா இன்னா போட்டிருக்க?”

“ஸ்லோ மோஷன். அப்புறம் புள்ளி எடுக்குறது. எங்கண்ணன் போட்ட சீரியல் வெளிச்சத்துல ஆடுனாரு, இருட்டுல மூஞ்சியெல்லாம் எறும்பு ஊர்ற மாரி இருக்குது.”

“உங்கண்ணன் வெளிச்சமா” என்று பூவரசன் சிரித்தான். “அது ரெண்டையும் எடுத்துட்டு ஒருக்கா ஓட்டு.”

எடுத்துவிட்டு ஓட்டினாள். பெரியப்பா எறும்புகளோடு வேகவேகமாக ஆடி முடித்தார். கம்ப்யூட்டர் அசையவில்லை.

“அப்ப அவர் மேல குத்தமில்ல” என்றான் பூவரசன். “நீ அவருக்குப் போட்ட மேக்கப்பைத்தான் அது தாங்கல. தூக்கிக்கினு வா. ஜல்தி.”

மேக்கப் என்று அவன் சொன்னது மிகச் சரி. ஆட்டத்தை மெதுவாக்க வேண்டுமானால், கேமரா எடுக்காத படங்களை கார்டு தானே வரைந்து நடுநடுவே செருக வேண்டும். பெரியப்பாவின் கை இங்கே இருந்தது, அடுத்து அங்கே இருந்தது, இடையில் எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு படத்திலும் எது முகம், எது வெறும் புள்ளி என்று பிரித்துத் துடைக்க வேண்டும். கார்டு இப்படி மூச்சைப் பிடித்து உழைக்கும் அதே சமயத்தில், முடிந்த படங்களைச் சுருக்கிக் கட்டும் வேலையில் பிராசசரும் முழு வேகத்தில் இருக்கும். மற்ற காட்சிகளில் இரண்டில் ஒன்று கொஞ்சம் ஓய்வெடுக்கும். பெரியப்பாவிடம் மட்டும் இரண்டுக்கும் ஓய்வே கிடையாது.

இருதயராஜின் குட்டியானை வண்டியில் பின்னால் சீரியல் செட்டுகள். முன்னால் ஜெசிந்தாவின் மடியில் கம்ப்யூட்டர். சீட் பெல்ட்டை அதற்கும் சேர்த்துப் போட்டிருந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

“ஏண்ணா, இதோட எஸ்.எம்.பி.எஸ்ஸை நீதானே கணக்குப் போட்டு வாங்குன?” என்றாள் ஜெசிந்தா. வீட்டுக் கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டியைத்தான் கடைகளில் அப்படிச் சொல்வார்கள். “பூவரசு எண்ணூத்தம்பது வாட்டு போடுன்னான். கார்டு அட்டைப்பெட்டியிலயும் அதான் போட்டிருந்துச்சு.”

“கம்பெனிக்காரன் கூட்டித்தான் போடுவான். நான் கரெக்டா போட்டேன். கார்டு முந்நூத்தறுபது. பிராசசர் இருநூத்தம்பது. மத்ததெல்லாம் சேர்த்து எம்பது. ஆக அறுநூத்தித் தொண்ணூறு.”

“வாங்குனது அறுநூத்தம்பது.”

“எல்லாம் ஒரே நேரத்துல எரியாதும்மா. நூறு கழிச்சேன். அதுக்கும் மேல அறுவது சும்மா கெடக்குது.”

ஜெசிந்தா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். “சீரியல் செட்டுக்குக் கழிக்கிற மாரியா?”

அப்படித்தான் கழித்திருந்தான். சீரியல் விளக்குகளில் ஒரு வரிசை எரியும்போது இன்னொரு வரிசை அணைந்திருக்கும். அதனால் மண்டபத்துக்கு லோடு கணக்குப் போடும்போது மொத்தத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது அவன் வழக்கம். பல வருடக் கல்யாணங்கள் அந்தக் கழித்தலில்தான் ஜொலித்திருக்கின்றன.

“ஏண்ணா, கெட்டிமேளம் கொட்டும்போது எல்லா செட்டையும் மின்னவுடாம ஒட்டுக்கா எரிய வுடச் சொல்வாங்களே. அப்ப நீ இன்னா பண்ணுவ?”

“பொண்ணு மாப்ள தலையில அட்சதை விழும். நான் மட்டும் ஜெனரேட்டர்கிட்ட நிப்பேன்.”

“ஏன்?”

“ஒட்டுக்கா எரிஞ்சா முக்கும். ட்ரிப் ஆனா ஓடிப்போய் மறுபடி...”

அவன் நிறுத்திக்கொண்டான். முன்னால் லாரி நகர்ந்தது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான்.

“பின்னாடி சுவிட்சை அணைச்சுப் போட்டாத்தான் வருதுன்ன இல்ல” என்றான் மெதுவாக.

“ஆமாண்ணா. இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பெரியப்பா ஆட்டந்தான் கெட்டிமேளம்.”

விழுப்புரத்தில் பூவரசன் கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு இரண்டு வயர்கள்தான் போயிருந்தன. கார்டுக்கு மூன்று வாய். ஒரு வயரின் நுனி இரண்டாகப் பிரிந்து இரண்டு வாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

“வெச்சது நாந்தான்” என்றான் பூவரசன், இருதயராஜ் வாயைத் திறப்பதற்கு முன்பே. “இதுல இருந்த வயரே அவ்ளோதான். நான் சொன்னப்ப, ‘ஜெனரேட்டரையே மேய்க்கிறவன்கிட்ட வாட்டு சொல்றியா’ன்னீங்க. நானும் உட்டுட்டேன். கடையில கார்டைத் தனியா ஓட்டிப் பார்த்தேன், பிராசசரைத் தனியா ஓட்டிப் பார்த்தேன். ரெண்டும் நின்னுச்சு. சேர்த்து ஓட்டல.”

“அப்ப ரெண்டு பேரும்தான்” என்றாள் ஜெசிந்தா. அதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது.

“இன்னொன்னு அண்ணே. முந்நூத்தறுபதுன்னு போட்டிருக்கிறது சராசரி. கண்ணு சிமிட்டுறதுக்குள்ள அது அதைத் தாண்டி எகிறிட்டு இறங்கிடும். மீட்டர்ல பார்த்தா தெரியாது. ஆனா எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குத் தெரியும். ‘நம்மால ஆகாதுப்பா’ன்னு கதவைச் சாத்திக்கும். அது நல்ல புத்தி. சாத்தலன்னா கருகிடும்.”

இருதயராஜ் தகட்டுக்குள் எட்டிப் பார்த்தான். “அப்ப கழிக்கவே கூடாது.”

“கூட்டணும்.”

“சரி, ஆயிரத்து அறுநூறு இருந்தா குடு.”

“எதுக்குண்ணே? மண்டபத்துக்கும் இதுலயே கனெக்ஷன் குடுக்கப் போறீங்களா?” பூவரசன் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். “பெருசா வாங்குனா பெருசா தள்ளாது. கம்ப்யூட்டரு கேக்குறத மட்டும்தான் குடுக்கும். சும்மா பணத்தை உள்ள பூட்டி வெக்கிற கதைதான். நமக்கு அறுநூத்தித் தொண்ணூறு வேணும், மேல கொஞ்சம் மூச்சு விட இடம் வேணும். எண்ணூத்தம்பது போதும். இது புது மாடலு, அந்த மாரி நொடியில எகிறுறதைத் தாங்குறதுக்குன்னே பண்ணது. வயரும் தனித்தனியா இருக்குது.”

“அட்டைப்பெட்டியில போட்டிருந்த அதே எண்ணூத்தம்பது” என்றாள் ஜெசிந்தா. “அந்தப் பெட்டி எங்கண்ணா?”

இருதயராஜ் வெளியே நின்ற வண்டியைப் பார்த்தான். வண்டியின் பின்னால், அவனுடைய சீரியல் பல்புகள் அந்தப் பெட்டிக்குள்தான் பத்திரமாக இருந்தன.

பூவரசன் புதியதைப் பொருத்தினான். ஜெசிந்தா ஸ்லோ மோஷனையும் புள்ளி எடுப்பதையும் மறுபடி போட்டு, படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். மோதிரம் வந்தது. பாயசம் வந்தது. கடைசியில் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்று பேரும் குனிந்து நின்றார்கள். இருதயராஜின் கை, பழக்கத்தில், சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பெரியப்பா கையைத் தூக்கினார். ஒவ்வொரு விரலாகத் தெரியும்படி, தண்ணீருக்குள் ஆடுவதுபோல் மெல்ல மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். கார்டின் விசிறி இரைந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. படம் முடிந்து பென்டிரைவில் ஏறியது.

“இன்னாம்மா, நான் இருக்கேன்ல?” என்று தேவசகாயம் மறுபடி போன் செய்தார்.

“இருக்கீங்க அங்கிள். உங்களுக்குன்னே தனியா மூணு லைன் இழுத்திருக்கோம்.”

எல்லாம் ஒரே நேரத்தில் எரியும் என்று வைத்துக் கூட்டினால் அறுநூற்றுத் தொண்ணூறு வாட். அதற்கு எண்ணூற்றைம்பது வாட் பவர் சப்ளை, கார்டின் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனி வயர். எதையும் கழிக்கவில்லை.