தள்ளிவிட்ட வேன்

காலை ஒன்பது மணியிலிருந்து அந்த வெள்ளை வேன் சந்தைக்கு எதிரே நின்றிருந்தது. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'இலவச எச்.ஐ.வி. பரிசோதனை' என்று எழுதியிருந்ததுதான் வினை. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

வேனில் மூன்று பேர். ஒருவர் நர்ஸ். ஆலோசகர் ஒரு திருநங்கை. வேனை அனுப்பிய எச்.ஐ.வி. உதவிச் சங்கத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. மூன்றாவது ஆள் டிரைவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் இடிந்துபோய் சங்கத்துக்கு வந்தவர், தேறியதும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

"நாம என்ன பொண்ணு கேட்டா வந்திருக்கோம், இப்படி ஓடி ஒளியிறாங்க? கிளம்பலாம்பா," என்றார் அக்கா பதினொன்றரைக்கு.

டிரைவர் சாவியைத் திருப்பினார். வேன் ரெண்டு தரம் இருமியது, அப்புறம் மூச்சே இல்லை. பின்னால் சரக்கு இறக்க வந்த லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் கடை தெருக்கோடியில்.

"அக்கா, நான் தள்ளுறேன். நீங்க ஸ்டியரிங்கை நேரா பிடிச்சா போதும். முடியுமா?"

"ஊரே ஒரு பக்கம் இழுத்தப்ப என்னை நானே ஓட்டிக்கிட்டு வந்தவ. இந்த டப்பாவை ஓட்ட மாட்டேனா?"

டிரைவரும் நர்ஸும் முக்கி முக்கித் தள்ளினார்கள். வேன் அசையவில்லை. அதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு சுமைதூக்கி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். அடுத்து பழக்கடைக்காரர் வந்தார். சலூன்காரர் சவரக்கத்தியோடு ஓடிவர, அவர் பின்னாலேயே பாதி ஷேவ் செய்த முகத்தோடு அவருடைய வாடிக்கையாளரும் வந்தார். காலையெல்லாம் ஒதுங்கிப் போனவர்களுக்குத் தள்ள மட்டும் கூச்சமே இல்லை. "ஏலேலோ!" என்று ஒருவர் குரல் கொடுக்க, வேன் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போய் மெக்கானிக் கடை வாசலில் நின்றது.

எல்லாரும் வேன் நிழலில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். அக்கா தண்ணீர் கொடுத்தார்.

"உள்ள என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டார் பாதி முகத்துக்காரர்.

"விரல்ல ஒரு குத்து, அவ்வளவுதான். இந்த மூஞ்சியோட நடுத்தெருவுல நிக்கிறதுக்கு இதைவிட தைரியம் வேணும் தம்பி."

சிரிப்பு அடங்குவதற்குள் பாதி முகத்துக்காரர் உள்ளே ஏறிவிட்டார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். மெக்கானிக்கின் விரலைக் கண்டுபிடிக்க நர்ஸ் மூன்று பஞ்சால் கிரீஸைத் துடைக்க வேண்டியிருந்தது. பேட்டரி சரியாவதற்குள் பதினாலு பேர்.

கடைசியாகப் போனவர் சுமைதூக்கி. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் முடிவைச் சொன்னார். இது முதல் பரிசோதனைதான், ஆஸ்பத்திரியில் இன்னொன்று எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்றார். அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

"இதே வியாதியோட இருக்கிற ஒருத்தர் வெளியில இருக்கார். பேசுறியா?" என்று கேட்டார் அக்கா. அவர் தலையாட்டவும் டிரைவரை உள்ளே அழைத்தார்.

"செத்துடுவேனாண்ணே?"

"சாவே. எல்லாரையும் போல, கிழவனாகி, மருமகளைத் திட்டி முடிச்சிட்டு." டிரைவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒன்பது வருஷமா தினம் ஒரு மாத்திரை போடுறேன். என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்ல. பிள்ளை ரெண்டாவது படிக்கிறான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானே கூட வர்றேன்."

சுமைதூக்கி அழுதார். அழுது முடிக்கும்வரை டிரைவர் நகரவில்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்து போனார்கள். முடிவு உறுதியானது. அன்றைக்கே மாத்திரையும் கிடைத்தது.

அடுத்த வாரம் வேன் வந்தபோது வெளியே வரிசையே நின்றது. பழக்கடைக்காரர் கூட்டம் குறையக் காத்திருந்து, அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "என் ஃப்ரெண்டுக்கும் டெஸ்ட் எடுக்கணும்." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஃப்ரெண்டு இல்லக்கா. பன்னெண்டு வருஷமா என்கூட வாழுறவர்."

"அதுக்கென்ன, கூட்டிட்டு வாங்க. மாப்பிள்ளையை நானும் பார்க்கணும்ல?"

மாப்பிள்ளை ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பழக்கடைக்காரரின் கையை நசுக்கினார். "நேத்து என்னைக் கோழைன்னு சொன்னது யாரு?" என்று பழக்கடைக்காரர் கேட்க, "பேசாம கையைப் பிடிங்க!" என்று மாப்பிள்ளை கத்த, வெளியே வரிசையில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.