தவளை மூச்சு

"ரெண்டு பேரும் பேசாதீங்க! பேசினா இருக்கற காத்தும் போயிடும்!" என்று கத்திக்கொண்டே நர்ஸ் ஹல்வர்சன் துருத்தியின் கைப்பிடியை இழுத்தாள்.

அமெரிக்காவில் அயோவாவின் சோளக்காட்டைச் சாய்த்த புயல் ஆஸ்பத்திரியின் மின்சாரத்தையும் கொண்டுபோய்விட்டது. ஜெனரேட்டரைக் கிளப்பப் போன ஆட்கள் திரும்பவில்லை.

கழுத்துவரை இரும்புப் பெட்டிக்குள் கிடந்த லோர்னாவுக்குப் பதினாறு வயது. போலியோவில் நெஞ்சுத் தசைகள் செத்துவிட்டன. அடியிலிருக்கும் துருத்தி பெட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால்தான் அவள் நெஞ்சு விரியும். மூக்கு வழியே மூச்சு தானாக உள்ளே ஓடும். துருத்தி திருப்பித் தள்ளினால் வெளியே போகும். இப்போது மோட்டாருக்குப் பதில் ஹல்வர்சனின் கை.

அந்தக் கையும் இரண்டு பெட்டிக்கு ஒன்றுதான். இங்கே நாலு இழுப்பு, ஓடிப்போய்ப் பக்கத்துப் பெட்டியில் கிடந்த வெண்டெலுக்கு நாலு இழுப்பு. காலையில்கூட, "ஏய் அழுமூஞ்சி, நீ அழற அழுகையில என் பெட்டி துருப்பிடிக்குது" என்று வம்பிழுத்தவன். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவன் உதடு நீலமாவது தெரிந்தது.

லோர்னாவிடம் ஒரு ரகசியம் இருந்தது. காற்றைக் கவ்விக் கவ்வி, தொண்டையால் நுரையீரலுக்குள் தள்ளத் தெரியும். கண்ணாடியைப் பார்த்துத் தானே பழகியது. யாரிடமும் சொல்லவில்லை. மார்ச்சில் இதே ஹல்வர்சன், "உனக்கு வியாதி இல்ல, சோம்பல்" என்று மோட்டாரை நிறுத்திவிட்டு, அவளுக்குக் கண் இருட்டும்வரை கைகட்டி நின்றாள். தெரிந்தால் பெட்டியை விட்டே வெளியே இழுத்துப் போட்டுவிடுவாள்.

வெண்டெலின் கண் மேலே செருகியது.

துருத்தி வெளியே தள்ளிய மூச்சில் லோர்னா சொன்னாள்: "அவன்கிட்டயே... இருங்க. நான்... விழுங்கிக்கறேன்."

"என்னடி உளர்ற?"

விழுங்கிக் காட்டினாள். களக், களக், களக். நெஞ்சு கொஞ்சங்கொஞ்சமாக ஏறியது.

ஹல்வர்சனின் முகம் சிவந்தது. "திருட்டுக் கழுதை! இத்தனை நாளா நடிச்சியா? இரு, கரண்ட் வரட்டும், உன்னைக் கவனிச்சுக்கறேன்!"

வெண்டெலின் கைப்பிடிக்கே ஓடினாள். இழுத்து இழுத்து அவன் உதட்டில் நிறம் திரும்பியது. அவனுக்குக் கிடைத்த முதல் வெளிமூச்சில் சொன்னான்: "தவ... ளை."

லோர்னாவுக்குத் திட்டக்கூடக் காற்று மிச்சமில்லை. ஒரு மூச்சுக்குப் பத்து விழுங்கல். நாக்கு மரத்தது. இவ்வளவு நேரம் செய்து பழக்கமே இல்லை. மின்சாரம் இன்னும் வரவில்லை.

"எவ்வளவு நேரம் தாங்குவ?" கைப்பிடியை விடாமல் ஹல்வர்சன் கத்தினாள். தலையை மட்டும் திருப்பி, லோர்னாவின் நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்தாள். "சொல்லித் தொலை, எவ்வளவு நேரம்?"