மோட்டாரா, டிரம்மா?

சலவை மெஷின் கம்பெனியின் புது மாடல், துணி பிழிந்து ஓயும் நேரத்தில் கீச்சென்று கத்தியது. மோட்டார் பிரிவு டிரம்மைக் கை காட்டியது. டிரம் பிரிவு மோட்டாரைக் கை காட்டியது. எந்தக் கம்பெனியிலும் நடக்கிற சண்டைதான். ஆனால் மோட்டார் பிரிவுக்குத் தலைவன் அவளுடைய புருஷன். டிரம் பிரிவுக்குத் தலைவர் அவளுடைய சொந்த அண்ணன். சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியவள் அவள்.

ஆபீஸில் அவளுக்குக் காதம்மா என்று பேர். ஒரு பலகை நிறையச் சின்னச் சின்ன மைக்குகளை வரிசையும் பத்தியுமாகப் பதித்து மெஷினுக்கு எதிரே நிறுத்துவாள். ஒரே சத்தம் ஒவ்வொரு மைக்குக்கும் இம்மியளவு முன்னே பின்னே வந்து சேரும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால், மெஷினின் படத்தின்மேல் சத்தம் பிறக்கும் இடம் சிவப்பாகத் தெரியும். தெரியும்தான், ஆனால் காலையில் கொடுத்த கணக்குக்குச் சாயங்காலம்தான் விடை. அதுவும் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் குழம்பி, மெஷினுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். கீச்சை மட்டும் பிடிக்க, மெஷின் சுற்றும்போதே ஓடுகிற படம் வேண்டும்.

இந்தத் தாமதம் இரண்டு பிரிவுக்கும் சௌகரியமாகப் போயிற்று. புருஷன் கேட்காமலே பாத்திரம் கழுவினான். அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் பிறந்தநாளை ஞாபகம் வைத்துச் செருப்பு வாங்கி வந்தார், அளவு தப்பு. மேனேஜர் பெரிய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் வந்த அம்மை மதியமே வந்தது.

ஒருநாள் அந்தக் கணக்கையே முறைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு உறைத்தது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லா மைக்கையும் அடியிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிசையையும் முதலில் கூட்டி வைத்துவிட்டால், அந்த விடைகளையே மேலிருந்து கீழாகக் கூட்டிப் புள்ளிக்குப் புள்ளி திரும்பப் பயன்படுத்தலாம். இத்தனை நாள் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டு மாற்றி எழுதினாள். மெஷின் சுற்றச் சுற்றப் படமும் கூடவே ஓடியது.

எல்லாரையும் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினாள். டிரம் ஓய்ந்தது, கீச் வந்தது, சிவப்பும் வந்தது. மோட்டாரில் இல்லை, டிரம்மிலும் இல்லை. மெஷினின் நெற்றியில் மினுமினுத்த கம்பெனிப் பெயர்த்தகட்டில் போய் உட்கார்ந்தது. திருகாணி போட்டால் அழகு கெட்டுவிடும், பசையால் ஒட்டுங்கள் என்று உத்தரவு போட்டவர் மேனேஜர்.

அவர் தொண்டையைச் செருமினார். "கணக்குல ஏதோ கோளாறு இருக்கும்மா. பழைய படம் நிதானமா நல்லாத்தானே வந்துச்சு?"

அவள் எழுந்து போய்த் தகட்டை உள்ளங்கையால் அழுத்தினாள். அடுத்த சுற்றில் கீச் இல்லை. கையை எடுத்தாள், மறு சுற்றில் கத்தியது.

"இது கணக்கு இல்ல சார், கை" என்றாள்.

தகட்டுக்குத் திருகாணி ஏறியது. பெரிய சத்தம் அடங்கியதும், அதன் மறைவில் பதுங்கியிருந்த சின்னச் சத்தங்கள் படத்தில் தலைகாட்டின. மோட்டாரில் ஒன்று, டிரம்மில் ஒன்று. பாரபட்சம் பார்க்காமல் இரண்டு பிரிவுக்கும் படத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில், அதுவரை முகம் கொடுத்துப் பேசாத புருஷனும் அண்ணனும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கட்டின புருஷனாச்சேன்னுகூட விடல, மச்சான்."

"கூடப்பொறந்தவன் என்னையே விடல. நீங்க எம்மாத்திரம், மாப்பிள்ளை?"

திட்டுவதிலாவது ஒற்றுமை வந்ததே என்று அவளுக்குச் சிரிப்பு முட்டியது. நாளைக்கு இரண்டு பேரும் நேரத்தோடு வரவேண்டும், எதைக் கழற்றுவதென்று காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, "கொஞ்சம் தள்ளுங்க" என்று நடுவில் உட்கார்ந்தாள்.